எத்தனை உடை போதும்?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதும் நம் நாட்டுப் பழமொழிதான். ஒன்று உடையை உயர்த்திப் பேசுகிறது. மற்றொன்று, உடை எதுவாயினும் தூய்மை இருந்தால் போதும் என்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டு நாம் இத்தனை காலம் தள்ளிவிட்டோம். ஆனால் இரண்டு பழமொழிகளுமே தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஒருவருக்கு எத்தனை உடை போதும்?

இந்தக் கேள்வியை என் முன் கொண்டுவந்து வைத்தவள் என் மகள். சென்னையில் வேலை பார்க்கும் அவள், முந்திய ஆண்டு நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வந்திருந்தாள். பெருநாளைக்கு மறுநாள் காலையில் தன் அலமாரியைத் திறந்து, இருந்த உடைகள் அத்தனையையும் கட்டிலில் கொட்டினாள். “வாப்பா, இனிமேல் நான் கேப்ஸ்யூல் வார்ட்ரோப்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்” என்றாள். மருந்துக் கடையில் விற்கும் கேப்ஸ்யூலை மட்டுமே அறிந்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே விளக்கிச் சொன்னாள்.

குறைந்த எண்ணிக்கையில், நல்ல தரத்தில், ஒன்றோடொன்று பொருந்தும் நிறங்களில் உடைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றையே மாற்றி மாற்றி உடுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். மேலுக்கு 5, கீழுக்கு 3 என்று வைத்துக்கொண்டு, எதை எதனோடு சேர்த்தாலும் பொருந்துமானால் 8 உடையில் 15 வகையாக உடுத்தலாம். 1970களில் லண்டனில் ‘வார்ட்ரோப்’ என்ற பெயரில் ஆடைக் கடை நடத்திய சூசி ஃபோ என்ற பெண்மணி இந்த முறையைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கின் டோனா கரன், ஏழே உருப்படிகளில் ஒரு பெண்ணின் முழுத் தேவையும் தீரும் என்று ஓர் ஆடை வரிசையைக் கொண்டுவந்தார். 2010இல் கோர்ட்னி கார்வர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 33 உருப்படிகளோடு மூன்று மாதம் வாழ்ந்து பார்க்கும்படி மக்களை அழைத்தார். காலணியும் நகையும்கூட அந்த 33இல் அடக்கம். உள்ளாடையும் இரவு உடையும் கணக்கில் சேரா. இந்தப் பட்டியலில் முதல் இருவரும் துணி விற்றவர்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். குறைவாக வாங்குங்கள் என்று ஒரு கடைக்காரரே சொல்வது பாராட்டத் தக்கதுதான். ஆயினும் ‘வாங்குங்கள்’ என்ற சொல் அதிலும் இருக்கத்தான் செய்கிறது.

என் மகளின் திட்டமும் அங்கேதான் போய் முடிந்தது. கட்டிலில் கிடந்த உடைகளில் பெரும்பகுதியை மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுவது; பிறகு வெள்ளை, கறுப்பு, சந்தன நிறம் என்று மூன்றே நிறத்தில் ஒன்பது புதிய உடைகளைக் கைப்பேசி வழியே தருவிப்பது. தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தாள். எளிமையாக வாழ்வதற்கு முதற்செலவாக ஒரு கணிசமான தொகை தேவைப்பட்டது!

நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்கள் அலமாரியையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன் வாப்பா” என்றாள். எண்ணினேன். சட்டை 43, கால்சட்டை 14, வேட்டி 17, கைலி 11. மொத்தம் 85. அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தகப்பனார் 1994இல் மௌத்தானபோது அவருடைய உடைகளை எடுத்து வைத்தவன் நான்தான். சட்டை 4, வேட்டி 3, கைலி 4, தோள் துண்டு 2. அவர் வறியவராக வாழவில்லை. மளிகைக் கடை வைத்து நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஊரில் யாரும் அவரை உடைக்கு வழியற்றவர் என்று நினைத்ததே இல்லை. அவரை அழுக்குச் சட்டையில் பார்த்த நினைவும் எனக்கில்லை. பதின்மூன்று உருப்படிகளில் ஒரு மனிதர் கண்ணியமாக வாழ்ந்து முடித்திருக்கிறார். அவருடைய மகன் 85 வைத்துக்கொண்டு, பெருநாளன்று காலையில் ‘உடுத்த நல்லதாக ஒன்றுமில்லையே’ என்று அலமாரி முன் நின்றிருக்கிறான்.

சரி, அப்படியானால் பதின்மூன்றுதான் அளவா? மார்க்கம் ஏதேனும் எண்ணிக்கையை நிர்ணயித்திருக்கிறதா?

இங்கே அவசரப்பட்டு எளிமையின் பக்கம் மட்டும் சாய்ந்து பேசுவது நம்மில் பலருக்கு வழக்கம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே மூன்று ஒட்டுகள் போட்ட சட்டையைக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தியை மேடைதோறும் சொல்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்த பிறகு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒட்டுப் போட்ட ஒரு மேலாடையையும் முரட்டுத் துணியாலான ஒரு கீழாடையையும் எடுத்துக் காட்டி, இவ்விரண்டிலும்தான் நாயகத்தின் உயிர் பிரிந்தது என்று கூறியதையும் சொல்கிறோம். கேட்பவர் கண் கலங்குகிறது. இவை உண்மை. ஆனால் இவை மட்டுமே உண்மை அல்ல.

அதே பெருமானாரிடம் ஒருவர் மிக மட்டமான உடையில் வந்தார். உமக்குச் செல்வம் உண்டா என்று கேட்டார்கள். ஒட்டகமும் ஆடும் குதிரையும் உண்டென்று அவர் சொன்னார். அப்படியானால் இறைவன் உமக்குச் செய்த அருளின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்று அறிவுறுத்தினார்கள். தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போதும் ஜும்ஆவிலும் உடுத்துவதற்கென்று நாயகம் தனியாக ஓர் அங்கி வைத்திருந்ததாக அஸ்மா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். நல்ல உடையும் நல்ல செருப்பும் எனக்குப் பிடித்திருக்கிறதே, இது பெருமையாகுமா என்று ஒருவர் அஞ்சிக் கேட்டபோது, இறைவன் அழகன், அழகை விரும்புகிறவன் என்று தேற்றினார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கமும் தந்தார்கள்.

ஆக, பெருமை துணியில் இல்லை. துணிக்குள் இருக்கும் ஆளிடத்தில் இருக்கிறது. விளம்பரத்துக்காக உடுத்தும் உடையைப் பற்றி ஹதீஸில் கடும் எச்சரிக்கை வந்திருக்கிறது. முற்கால இமாம்கள் அதற்கு விளக்கம் சொல்லும்போது, பகட்டான உடையால் பெயர் தேடுவதையும் கந்தலால் பெயர் தேடுவதையும் ஒரே தட்டில் வைத்தார்கள். இதை நான் என் மகளுக்குச் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏனெனில் அவள் எண்ணத் தூண்டியதும் முதலில் எனக்குள் எழுந்தது வேறோர் ஆசை. 85ஐப் பதின்மூன்றாகக் குறைத்துவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை. ‘பார்த்தீர்களா, அவர் இரண்டே சட்டைதான் வைத்திருக்கிறாராம்’ என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசப்படுவதில் உள்ள ருசி, பட்டு ஜிப்பாவின் ருசியைவிடக் குறைந்ததல்ல.

எண்ணிக்கையைப் பற்றி நான் தேடியபோது, உடையைப் பற்றியல்ல, படுக்கையைப் பற்றிய ஒரு நபிமொழி என்னை நிறுத்தியது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால், மூன்றுக்கு மேல் கூடாது என்பதாகத் தோன்றும். ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று விரிப்பு எப்படிப் போதும்? அங்கே சொல்லப்படுவது மூன்று என்ற எண் அன்று. ஒவ்வொரு விரிப்புக்கும் ஓர் ஆளைக் காட்டு என்பதே கேள்வி. ஆளைக் காட்ட முடியாத விரிப்புக்குத்தான் அந்த நான்காம் ஆள் வந்து படுக்கிறான். அதிலும் விருந்தாளிக்கென்று ஒன்று விட்டுவைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நமக்கு மட்டும் போதுமான அளவு என்பது போதுமான அளவு ஆகாது.

உடைக்கும் இதே வழியில் ஒரு செய்தி இருக்கிறது. ஜும்ஆ நாளில், வேலைக்கு உடுத்தும் உடையோடேயே மக்கள் வந்திருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், வசதியுள்ளவர் தம் வேலை உடை நீங்கலாக ஜும்ஆவுக்கென்று இரண்டு துணி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். இரண்டு துணி என்றால் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. வேலைக்கு உள்ளது வேலைக்கு. வெள்ளிக்கிழமைக்கு உள்ளது வெள்ளிக்கிழமைக்கு. லண்டன் கடைக்காரப் பெண்மணி சொன்ன வரிசையைவிட இது சுருக்கமாகவே இருக்கிறது!

எனவே, புதிதாக இம்முயற்சியில் இறங்குகிறவர் யாரோ வகுத்த 33ஐயோ, என் தகப்பனாரின் பதின்மூன்றையோ இரவல் வாங்க வேண்டியதில்லை. தம் வீட்டுத் துணி துவைக்கும் நாளை எண்ணினால் போதும். எங்கள் வீட்டில் ஞாயிறும் புதனும் துவைக்கிறோம். ஒரு துவைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அதிகமாகப் போனால் நான்கு நாள். காய்ந்து, மடித்து, தேய்த்து வருவதற்கு ஒன்றிரண்டு நாள். ஆக, அன்றாடத்துக்கு ஆறு சட்டை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி கொடியிலேயே மூன்று நாள் தொங்கி வாடை அடிக்கும். அதற்காக இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜும்ஆவுக்கு ஒன்று. நிக்காஹ் வைபவங்களுக்கு ஒன்று. அதுவே பெருநாளைக்கும் ஆகும். பத்துச் சட்டை. எனக்கு இதற்கு மேல் ஆள் காட்ட முடியவில்லை.

ஆனால் இந்தப் பத்து என்னுடைய பத்து. மேசைமுன் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கு உரியது. எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் உடம்பில் எந்நேரமும் கிரீஸும் ஆயிலும் இருக்கும். லுஹருக்கும் அஸருக்கும் பள்ளிக்கு வர வேண்டுமே என்று கடைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் வெளுத்த கைலி ஒன்றையும் சட்டை ஒன்றையும் எப்போதும் மாட்டி வைத்திருக்கிறார். அவருக்கு வேண்டிய எண்ணிக்கை என்னுடையதைவிட அதிகமாகத்தான் இருக்கும். இறைச்சிக் கடைக்காரருக்கும் அப்படியே. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கே மூன்று மாற்று உடை தேவைப்படும். குழந்தை எப்போது நனைக்கும் என்று யார் சொல்ல முடியும்? அவளிடம் போய் எளிமையைப் பற்றி உபதேசம் செய்கிறவர், ஒரு நாள் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு ஐந்து வேளையும் தொழுது பார்க்கட்டும்.

பொதுவாகவே, பெண்களின் அலமாரியைப் பற்றிப் பேசுவதில் ஆண்களுக்கு ஓர் உற்சாகம் இருக்கிறது. நாம் சற்று வாயடக்கிக்கொள்வது நல்லது. ஆண் ஒருவன் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஆண்டு முழுவதும் எல்லா வைபவங்களுக்கும் போய் வரலாம், கேட்பவர் இல்லை. நம் வெள்ளை வேட்டி எந்தச் சட்டைக்கும் பொருந்தும். இந்த வகையில் நாம் பிறக்கும்போதே கேப்ஸ்யூல்காரர்கள். ஒரு பெண் போன கல்யாணத்துக்கு உடுத்திய புடவையையே இந்தக் கல்யாணத்துக்கும் உடுத்திப் போனால், ‘வேறு இல்லையா?’ என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது. கேட்பவரும் பெண்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிக் கேட்கும் வீடுகளில்தான் நாமும் சம்பந்தம் தேடுகிறோம். சீர்வரிசையில் எத்தனை புடவை என்று எண்ணுகிற சபையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

என் மகளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இப்போது எதையும் கொடுக்காதே, எதையும் வாங்காதே. ஓர் ஆண்டு போகட்டும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சிவப்பு நூல் கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, தன் உடைகளிலும் என் உடைகளிலும் ஒவ்வொன்றின் பொத்தான் துளையிலோ ஓரத்திலோ ஒரு நூலைக் கட்டினாள். எதை உடுத்துகிறோமோ அதன் நூலை அவிழ்த்துவிட வேண்டும். நோன்புப் பெருநாளிலிருந்து அடுத்த நோன்புப் பெருநாள் வரை கணக்கு. இதற்குச் செலவு ஒரு நூல் கண்டு.

அடுத்த பெருநாள் வந்தது. என்னுடைய 85இல் 49 உடைகள் சிவப்பு நூலோடு அப்படியே இருந்தன. வெயில் வந்து, மழை வந்து, இரண்டு பெருநாளும் ஏழெட்டுக் கல்யாணங்களும் மூன்று மௌத்தும் கடந்துபோன ஓர் ஆண்டில், அந்த 49க்கு ஒரு நாள்கூட வேலை இருக்கவில்லை. நூல் அவிழ்ந்த 36இலும் நான் திரும்பத் திரும்ப உடுத்தியவை இருபதுக்குள்தான். “வாப்பா, இப்போதாவது கொடுத்துவிடலாமா?” என்று கேட்டாள் மகள்.

கொடுப்பதைப் பற்றி எனக்குள்ள தயக்கத்தின் காரணத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, எங்கள் ஜமாஅத்திலிருந்து ஒரு லாரி நிறைய அரிசியும் போர்வையும் பழைய துணியும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். துணி மூட்டைகளில் ஒன்று என் வீட்டுடையது. அலமாரி ஒழிந்தது, நன்மையும் கிடைத்தது என்ற திருப்தியோடுதான் கட்டினேன். போய்ப் பார்த்தால், சாலை ஓரமெங்கும் எங்களுக்கு முன்பே வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போன துணிகள் குவிந்து கிடந்தன. மழையில் நனைந்து, லாரிச் சக்கரத்தில் மிதிபட்டுக் கிடந்தன. கிழிந்த பனியன், பொத்தான் இல்லாத சட்டை, அந்த ஊரில் யாரும் உடுத்தாத கம்பளிச் சட்டை. யாரும் எடுக்கவில்லை. எங்கள் மூட்டையை இறக்கப் போனபோது பெரியவர் ஒருவர் கைகாட்டித் தடுத்தார். “அரிசியைக் கொடுங்க பாய். துணி வேண்டாம். போன வாரம் வரைக்கும் நாங்களும் நல்ல சட்டைதான் போட்டிருந்தோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் அந்த மூட்டைக்குள் என்ன வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். என் உறவினர் வீட்டுக்குக் கொடுக்கக் கூசும் துணிகளை வைத்திருந்தேன்.

நீங்கள் விரும்புகிற பொருளிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய மாட்டீர்கள் என்ற கருத்தைத் திருமறையில் எத்தனை முறை ஓதியிருப்பேன்! விரும்பாததைக் கழித்துக்கட்டிவிட்டு அதற்கு ஸதகா என்று பெயர் வைத்த கை என்னுடையது.

நாம் கழிப்பது நம் ஊரோடு நிற்பதும் இல்லை. மேல்நாடுகளில் கழிக்கப்படும் உடைகள் பொதி பொதியாகக் கப்பலேறி ஆப்பிரிக்காவில் இறங்குகின்றன. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கான்டமான்டோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. அங்கே வரும் உடைகளுக்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்ரோனி வாவு’. இறந்துபோன வெள்ளைக்காரனின் உடை என்று பொருள். இவ்வளவு நல்ல உடையை உயிரோடிருப்பவன் யாராவது கழிப்பானா, உடையவன் செத்திருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்களாம். காலம் செல்லச் செல்ல, வரும் பொதியில் விற்க முடியாத குப்பையும் பெருகியது. அது சாக்கடையை அடைத்துக் கடற்கரையில் ஒதுங்குகிறது. ஒரு வீட்டு அலமாரி எளிமையாவதற்கு இன்னொரு நாட்டுக் கடற்கரை இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மலிவாகக் கிடைப்பதால்தானே இவ்வளவு வாங்குகிறோம் என்று கேட்கலாம். மலிவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? 2013 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்கா நகருக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. அதிலிருந்த தையல் ஆலைகளில் வேலை செய்த 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும், மறுநாள் அவர்கள் வேலைக்கு வர வைக்கப்பட்டார்கள். அத்தனை தூரம் போவானேன்? நம் திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. பருத்தி விளைவது முதல் ஒரு சட்டை உருவாகும்வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடும் ஆற்றிலேயே ஒளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். நூல் அவிழாத என் 23 சட்டைகளுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். “எல்லாரும் உம்மைப் போல் பத்துச் சட்டையோடு நின்றுவிட்டால், நெய்கிறவனும் தைக்கிறவனும் என்ன செய்வான்? நம்ம ஆட்களில் பாதிப்பேர் துணி வியாபாரம்தானே?” நியாயமான கேள்வி. துணியால் பிழைத்த சமுதாயம்தான் நாம். பழவேற்காட்டிலிருந்து கடல் கடந்து போன கைலிக்கு மலாய் நாட்டில் இன்றும் ‘பெலிக்காட்’ என்றே பெயர் வழங்குகிறது. சபராளிகள் பெட்டி பெட்டியாகத் துணி கொண்டு வருவதை ஊரே கூடிப் பார்த்த காலமும் உண்டு. அவருக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று மலிவுச் சட்டைக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு கைத்தறிச் சட்டைக்குக் கொடுத்தால் நெசவாளிக்குக் கூலி சற்றுக் கூடலாம் என்றேன். “எல்லாரும் கொடுப்பார்களா?” என்றார். கொடுக்க முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். மூன்று மலிவுச் சட்டையையும் கிழியும்வரை உடுத்துகிறவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எழுதப்பட்டதும் அல்ல.

தகப்பனாரின் நான்கு சட்டைகளுக்குத் திரும்புகிறேன். அவற்றில் ஒன்று பெருநாளைக்கு எடுத்தது; இரண்டு முறைதான் உடுத்தியிருந்தார். பிள்ளைகள் நால்வரும் அதை நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்றோம். உம்மா சம்மதிக்கவில்லை. அதைத் துவைத்துத் தேய்த்து, பள்ளிவாசல் மோதினாருக்குக் கொடுத்தனுப்பினார்கள். இருந்ததிலேயே நைந்த சட்டையைத் தமக்கு வைத்துக்கொண்டு தலையணை உறையாகத் தைத்துக்கொண்டார்கள். உம்மாவுக்குக் கிதாபு படிப்பு அதிகம் கிடையாது. பிற்காலத்தில்தான் நான் படித்தேன்: அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில், தாம் உடுத்தியிருந்த பழைய துணியையே கழுவி, இரண்டைச் சேர்த்துத் தமக்குக் கஃபனிடும்படி சொன்னார்கள். இது நைந்துபோனதாயிற்றே என்று மகளார் ஆயிஷா (ரலி) தயங்கியபோது, புதியதற்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிகம் உரியவர் என்று விடையளித்தார்கள்.

49 உடைகளையும் இம்முறை மூட்டை கட்டவில்லை. மகளும் நானும் ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருக்கு என்று ஆள் தேடினோம். முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுத்தோம். கட்டட வேலை செய்யும் இரண்டு பேர் கால்சட்டை மட்டும் போதும், சட்டை வேண்டாம் என்றார்கள். மத்ரஸாவில் தங்கி ஓதும் பெரிய பையன்களுக்கு வெள்ளை வேட்டி தேவைப்பட்டது, ஒன்பது போயிற்று. கைலிகளில் இரண்டு, தெருவில் புதிதாகப் பிறந்த குழந்தைக்குத் தூளியாயின. ஜும்ஆவுக்கு நான் விரும்பி உடுத்தும் சட்டை ஒன்றும் போயிற்று; அது நூல் அவிழ்ந்தது. கொடுக்கும்போது கை சற்று நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. பதினொரு உடைகள் இன்னும் ஆளில்லாமல் சிவப்பு நூலோடு அலமாரியில் இருக்கின்றன. என் மகள் தருவிக்க நினைத்த ஒன்பதில் ஒன்றை மட்டும் வாங்கினாள், கறுப்பில். அதன் பின் ஏழு மாதமாக ஒன்றும் வாங்கவில்லை என்கிறாள். நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, அவளாகச் சொன்னது.

என் அன்றாடச் சட்டைகளில் இரண்டுக்குக் காலர் நைந்துவிட்டது. உடம்புத் துணி நன்றாகவே இருக்கிறது. முன்பெல்லாம் காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்து இன்னும் இரண்டு ஆண்டு உடுத்துவார்கள். அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருத் தையல்காரரிடம் போனேன். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலர் திருப்பணும்னு கேட்டு யாரும் வந்து இருபது வருஷமாச்சு காக்கா. புதுசு எடுக்குறதுதானே?” என்றார். தைக்க முடியுமா, முடியாதா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிளேடால் முதல் தையலைப் பிரித்தார். வியாழக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.